விடுபட்ட ஒரு கணக்கு: கட்டுமானப் படிப்பு எதைக் கற்றுத் தருகிறது?



எங்கள் தொலைக்காட்சிக் கருத்தரங்கில் இம்முறை பேச எடுத்துக்கொண்டது, பல்கலைக்கழகத்தில் கட்டுமான நிர்வாகமும் கட்டுமானப் பொறியியலும். தலைப்பை நான் அறிவித்ததுமே முன்வரிசையில் இருந்த ஓர் அம்மா கையை உயர்த்தினார். "ஏம்மா, நாலு வருஷம் படிச்சிட்டு என் மகன் வெயில்ல தலைக்கவசம் போட்டுக்கிட்டு நிக்கணுமா?" என்று கேட்டார். அரங்கமே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன்.

நிகழ்ச்சி முடிந்து மைக்கைக் கழற்றிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவர் தயங்கியபடி அருகில் வந்தார். "அக்கா, மேடையில சொல்ல முடியல. எங்களுக்கு வாரத்துக்கு ஒரு அசைன்மெண்ட். சீனியர் ஒருத்தர் செஞ்சதை வாங்கி, நம்பரை மட்டும் மாத்திக் கொடுத்துட்டேன். நல்ல மார்க் வந்துச்சு. ஆனா அந்த நம்பர் எல்லாம் எங்கிருந்து வருதுன்னு இன்னும் எனக்குப் புரியல" என்றார்.

அம்மாவின் கேள்விக்கு மேடையிலிருந்த பொறியாளர்கள் அங்கேயே பதில் சொல்லிவிட்டார்கள். மாணவர் சொன்னதுதான் வீடுவரை என்னுடன் வந்தது. நான் படித்தது தொடர்புத் துறையில் டிப்ளோமா. பொறியியல் என் பாடமன்று. நிகழ்ச்சிக்காகப் பொறியாளர்களைக் கேட்டும் தேடிப் படித்தும் நான் தெரிந்துகொண்டதை இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

நான்கு கேள்விகள்

கட்டுமானப் படிப்பில் பாடங்களின் பெயர்கள் நம்மை மிரட்டும். ஆனால் எல்லாவற்றையும் நான்கு கேள்விகளுக்குள் அடக்கிவிடலாம். கட்டுவது நிற்குமா? எவ்வளவு காலம் பிடிக்கும்? எவ்வளவு செலவாகும்? தவறு நடந்தால் யார் பொறுப்பு?

முதல் கேள்விக்கு உரியவை கட்டமைப்புக் கணக்கு, கட்டுமானப் பொருள்கள், மண்ணியல் ஆகிய பாடங்கள். மற்ற மூன்றும் நிர்வாகப் பாடங்களில் வரும்.

காலத்தைக் கணக்கிடும் பாடத்தில் மாணவர்கள் ஒவ்வொரு வேலையையும் கட்டம் போட்டு, எதற்குப் பின் எது என்று கோட்டால் இணைக்கிறார்கள். தளத்துக்குக் கான்கிரீட் ஊற்ற வேண்டுமென்றால், அதற்கு முன் பலகை அடைத்திருக்க வேண்டும், கம்பி கட்டியிருக்க வேண்டும், மின்கம்பிக்கான குழாய்களைப் பதித்திருக்க வேண்டும். குழாய் பதிப்பவர் இரண்டு நாள் தாமதமாக வந்தால் மொத்த வேலையும் இரண்டு நாள் தள்ளிப்போகும். சாயம் வாங்குவது இரண்டு நாள் தாமதமானால் ஒன்றும் ஆகாது. எந்த வேலைகளில் ஒரு நாள்கூட நழுவக்கூடாதோ அந்த வரிசையைக் 'கிரிட்டிக்கல் பாத்' என்கிறார்கள். அதைக் கண்டுபிடிப்பதுதான் அந்தப் பாடத்தின் சாரம்.

இதில் மனிதன் அவசரப்படுத்த முடியாதவையும் உண்டு. ஊற்றிய கான்கிரீட்டிலிருந்து மாதிரி எடுத்து, கன சதுரமாக வார்த்து, வழக்கமாக 7ஆம் நாளும் 28ஆம் நாளும் இயந்திரத்தில் வைத்து நசுக்கிப் பார்க்கிறார்கள். முதலாளி எவ்வளவு அவசரப்படுத்தினாலும் கான்கிரீட் தனக்கு வேண்டிய நாள்களை எடுத்துக்கொண்டுதான் பலம் பெறும்.

செலவுப் பாடத்தில் வரைபடத்தைப் பார்த்து எத்தனை கன மீட்டர் கான்கிரீட், எத்தனை டன் கம்பி என்று அளந்து பட்டியல் போடுகிறார்கள். ஒப்பந்தப் பாடத்தில், மழையால் வேலை நின்றால் கூடுதல் நாள்கள் கிடைக்குமா, தாமதத்துக்கு நாளொன்றுக்கு எவ்வளவு இழப்பீடு என்பவற்றைப் படிக்கிறார்கள். கடைசியாகப் பாதுகாப்பு.

தேர்வுக்குப் படிக்கும்போது இவை வெவ்வேறு பாடங்கள். வேலையிடத்தில் எல்லாம் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. ஒன்றில் பொய் புகுந்தால் என்னவாகும் என்பதற்கு நம் சிங்கப்பூரிலேயே இரண்டு சம்பவங்கள் இருக்கின்றன.

கட்டடத்தின் சொந்த எடை

முதலில் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் கனம் உள்ள கான்கிரீட் தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கன மீட்டர் கான்கிரீட்டின் எடை ஏறக்குறைய 2,400 கிலோ. அப்படியானால் இந்தத் துண்டின் எடை 360 கிலோ.

அதே ஒரு சதுர மீட்டரில் வீட்டிலுள்ள மனிதர்கள், கட்டில், அலமாரி எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பொறியாளர்கள் கணக்கில் வைப்பது சுமார் 150 கிலோ. ஆக, நாமும் நம் சாமான்களும் சேர்ந்த எடையைவிட, நாம் நிற்கும் தளத்தின் எடையே இரண்டு மடங்குக்கும் அதிகம். கட்டடத்தின் சொந்த எடையை 'நிலைச் சுமை' என்கிறார்கள். முதலாண்டு மாணவரின் முதல் கணக்குகளில் இதுவும் ஒன்று.

இனி, 1986ஆம் ஆண்டு மார்ச் 15. நான் பிறப்பதற்கு முன் நடந்தது. நம்மவர்கள் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நடந்து நடந்து பழகிய சிராங்கூன் சாலையில், ஓவன் சாலைச் சந்திப்பில் இருந்த ஆறு மாடிக் கட்டடம் ஹோட்டல் நியூ வோர்ல்ட். கீழே வங்கி, மேலே தங்கும் அறைகள். அன்று காலை பதினொன்றரை மணி வாக்கில், ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் அது நொறுங்கி விழுந்தது. 33 பேர் மாண்டார்கள். 17 பேர் உயிருடன் மீட்கப்பட்டார்கள்.

அருகே எம்ஆர்டி சுரங்கம் தோண்டியதால் விழுந்ததா? கான்கிரீட் மட்டமானதா? பின்னாளில் ஏற்றிய கூடுதல் எடை காரணமா? விசாரணை ஆணையம் எல்லாவற்றையும் ஆராய்ந்தது. கடைசியில் கண்டறிந்த காரணம் கேட்பவரைத் திகைக்க வைக்கும். 1971இல் கட்டப்பட்ட அந்தக் கட்டடத்தை வடிவமைத்தபோது, உள்ளே வரும் மனிதர்களின், பொருள்களின் எடையைக் கணக்கிட்டிருந்தார்கள். கட்டடத்தின் சொந்த எடையைச் சேர்க்கவே இல்லை. கணக்குப் போட்டவர் தகுதிபெற்ற பொறியாளரும் அல்லர், ஒரு வரைவாளர்.

நேயர்களே, அந்தத் தூண்கள் தங்களால் தாங்கக்கூடியதன் எல்லையிலேயே பதினைந்து ஆண்டுகள் நின்றன. அந்தப் பதினைந்து ஆண்டும் பார்ப்பவர் கண்ணுக்கு அது நல்ல கட்டடம். நல்ல மதிப்பெண் வாங்கிய அசைன்மெண்ட் போல.

எச்சரிக்கையை மாற்றி எழுதினால்

இரண்டாவது சம்பவம் 2004ஆம் ஆண்டு ஏப்ரல் 20 அன்று, நிக்கல் ஹைவே அருகே, வட்ட ரயில் பாதைக்காகத் தோண்டிய இடத்தில் நடந்தது. கடலைத் தூர்த்து உருவாக்கிய நிலம் அது. அடியில் மென்மையான கடல் களிமண். அதில் ஏறக்குறைய 30 மீட்டர் ஆழத்துக்குத் தோண்டியிருந்தார்கள்.

இப்படித் தோண்டும்போது, இருபுறமும் உள்ள மண் குழிக்குள் சரியாமலிருக்க முதலில் நிலத்தடிச் சுவர் எழுப்புவார்கள். அந்தச் சுவர்கள் உள்ளே சாயாமலிருக்க, ஒன்றன்கீழ் ஒன்றாகக் குறுக்கே எஃகுத் தாங்கிகளைக் கொடுப்பார்கள். நிலையம் கட்டி முடிந்ததும் எடுத்துவிடக்கூடிய தற்காலிக ஏற்பாடு இது. தற்காலிகம்தானே என்ற அலட்சியம் இங்கே ஆகாது. அது நிற்கும்வரை அதை நம்பித்தான் உள்ளே ஆட்கள் வேலை செய்கிறார்கள்.

விசாரணையில் இரண்டு அடிப்படைப் பிழைகள் வெளிவந்தன. களிமண்ணுக்கு இருப்பதைவிட அதிக பலம் இருப்பதாகக் காட்டும் முறையில் கணினிக் கணக்குப் போடப்பட்டிருந்தது. தாங்கிகள் சுவரோரத்து உத்தரத்துடன் சேரும் இணைப்புகளும் தேவையைவிடப் பலவீனமாக வடிவமைக்கப்பட்டிருந்தன.

ஆனாலும் எச்சரிக்கை இல்லாமல் எதுவும் நடந்துவிடவில்லை. சுவர் எவ்வளவு வளைகிறது என்று அளக்கும் கருவிகள் அங்கே இருந்தன. வளைவு அனுமதித்த வரம்பைத் தாண்டியது. அப்போது "ஏன் தாண்டியது?" என்று அடிவரை தேடுவதற்குப் பதிலாக, கணக்கைத் திரும்பப் போட்டு வரம்பையே உயர்த்தினார்கள். "நம்பரை மட்டும் மாத்திக் கொடுத்துட்டேன்" என்று அந்த மாணவர் சொன்னது எனக்கு ஏன் உறுத்தியது என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

அன்று காலையிலேயே உத்தரங்கள் நெளிவதைப் பார்த்தார்கள். கான்கிரீட் ஊற்றிப் பலப்படுத்தவும் முயன்றார்கள். பிற்பகல் மூன்றரை மணி வாக்கில் குழி இடிந்தது, மேலே இருந்த நெடுஞ்சாலையும் சரிந்தது. நான்கு பேர் மாண்டார்கள். அவர்களில் ஒருவர், தம் குழுவினரை மேலே ஏற்றி அனுப்பிய ஃபோர்மேன். அவர் உடல் கிடைக்கவே இல்லை. நிக்கல் ஹைவே ரயில் நிலையம் பிறகு சற்றுத் தள்ளிக் கட்டப்பட்டு 2010இல் திறக்கப்பட்டது.

முதல் சம்பவம் கட்டமைப்புப் பாடம். இரண்டாவதில் மண்ணியலும் இருக்கிறது, நிர்வாகமும் இருக்கிறது. அளவுகளை யார் பார்க்க வேண்டும்? வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யாருக்கு? ஒரு நாள் நிறுத்தினால் வரும் நஷ்டத்தை யார் ஏற்பது? இவையெல்லாம் நிர்வாகப் பாடத்தில் எழுதப் பழகும் கேள்விகள்.

சட்டம் வந்தது, பழக்கம் வர வேண்டும்

இச்சம்பவங்களுக்குப் பின் சட்டங்கள் கடுமையாயின. 1989இல் கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. ஒரு பொறியாளர் போட்ட கட்டமைப்புக் கணக்கைத் தொடர்பில்லாத இன்னொரு தகுதிபெற்ற பொறியாளர் சரிபார்க்கும் முறையும் வந்தது. குடியிருப்புக் கட்டடங்களை 10 ஆண்டுக்கு ஒரு முறையும் மற்றவற்றை 5 ஆண்டுக்கு ஒரு முறையும் பொறியாளர் சோதிக்க வேண்டும். வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2006இல் நடப்புக்கு வந்தது. பெரிய திட்டங்களில் வரைபடம் போடும்போதே ஆபத்தைக் குறைக்கத் திட்டமிட வேண்டும் என்ற விதி 2016 முதல் நடப்பில் இருக்கிறது. பட்டம் வாங்கியதும் 'நிபுணத்துவப் பொறியாளர்' என்று கையெழுத்துப் போட்டுவிடவும் முடியாது. தேர்வுகளோடு குறைந்தது நான்கு ஆண்டு அனுபவமும் வேண்டும்.

இத்தனையும் நல்லவைதாம். ஆனால் சரிபார்ப்பவரும் ஒரு காலத்தில் மாணவராக இருந்தவர்தாமே? இரவு பதினொரு மணிக்கு, மறுநாள் ஒப்படைக்க வேண்டிய அசைன்மெண்ட் முன்னே கிடக்கும்போது, "இந்த எண் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டுப் பழகாதவர், பத்து ஆண்டு கழித்து ஒப்பந்தக்காரர் தொலைபேசியில் அவசரப்படுத்தும்போது கேட்பாரா?

மாணவர்களுக்கு மூன்று யோசனைகள் சொல்கிறேன். கணினி தரும் விடையைக் கையால் தோராயமாக ஒரு முறை போட்டுப் பாருங்கள். சற்றுமுன் நாம் போட்ட 360 கிலோ கணக்குக்கு ஒரு தாளின் ஓரம் போதும். நண்பர்களோடு சேர்ந்து படியுங்கள், ஆனால் எழுதும்போது நீங்களே எழுதுங்கள். புரியாவிட்டால் விரிவுரையாளரிடம் போய்ப் புரியவில்லை என்று சொல்லுங்கள். அந்த மாணவரிடமும் இதைத்தான் சொன்னேன். "மார்க் போயிடுமே அக்கா" என்றார். போகலாம் தம்பி. வகுப்பறையில் போனால் மதிப்பெண் மட்டும்தான் போகும்.

பெற்றோர்களுக்கும் ஒன்று. பிள்ளை எத்தனை மதிப்பெண் வாங்கினான் என்று கேளுங்கள், தவறில்லை. கூடவே, "இன்றைக்கு என்ன கணக்குப் போட்டாய், எனக்கும் சொல்லு" என்று கேளுங்கள். உங்களுக்குப் புரியும்படி சொல்ல முடிந்தால், அவனுக்குப் புரிந்திருக்கிறது என்று அர்த்தம்.

முன்வரிசை அம்மாவுக்கும் என் பதிலைச் சொல்லிவிடுகிறேன். ஆமாம் அம்மா, உங்கள் மகன் சில நாள் வெயிலில் தலைக்கவசத்தோடு நிற்க வேண்டிவரும். ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்காவில் கூடும் தமிழ்நாட்டுத் தொழிலாளர்களைப் பார்த்திருப்பீர்கள். திங்கட்கிழமை காலை டூல்பாக்ஸ் மீட்டிங் முடிந்து அவர்கள் குழிக்குள் இறங்கும்போது, உங்கள் மகன் போட்ட கணக்கை நம்பித்தான் இறங்குவார்கள். அவன் தன் கணக்கைத் தானே போட்டவனாக இருக்க வேண்டும். மேலே நின்று அவர்களைப் பார்த்தவனாகவும் இருக்க வேண்டும்.

அடுத்த கருத்தரங்கில் வேறொரு தலைப்போடு சந்திப்போம்.