கடைமடைக்குச் சேராத வெளிச்சம்

தஞ்சைப் பெரிய கோயிலை அகலக்கோண லென்ஸில் பிடித்த படமொன்றை அனுப்பி, விமானம் பிரகாசிக்க நான்கு மூலைகளும் அந்தி கவிந்தாற்போல் இருண்டிருப்பது லென்ஸின் பழுதோ என்று கும்பகோணத்து அன்பர் ஒருவர் வினவியிருக்கிறார். பழுது ஏதுமில்லை, ஒளியின் நியதியே அது.

பிலிமின் மூலைக்குச் செல்லும் கதிர், நடுவுக்கு இறங்கும் கதிரைவிட நெடுந்தூரம் போக வேண்டும். அது நுழையும் துவாரமோ பக்கவாட்டில் குறுகி நீள்வட்டமாகிவிடுகிறது. போய்ச் சேர்ந்த இடத்திலும் சாய்ந்து விழுந்து பரவிப்போகிறது. இந்நஷ்டங்கள் யாவும் சேர்ந்து, சாதாரண லென்ஸில் 45 பாகை சாய்வில் நடுவின் கால் பங்கு ஒளியே, அதாவது இரண்டு ஸ்டாப் குறைவாகவே, மிஞ்சுகிறது. தலைமடை வயல்கள் நிரம்பி வழிகையில் கடைமடை வெடித்துக் கிடப்பதைக் கண்டு வளர்ந்த எனக்கு இது விளங்கக் கணக்கு வேண்டியிருக்கவில்லை.

முறை வைத்துத் தலைமடையை அடைத்தால்தான் கடைமடைக்கு நீர் பாயும். 1900-ஆம் ஆண்டில் பெர்லினின் கோயர்ஸ் கம்பெனியார் செய்த ஹைபர்கான் லென்ஸ் இந்த யுக்தியையே கையாண்டது. அரைக்கோளம் போல் வளைந்த இரண்டே கண்ணாடிகள். பார்வையின் விசாலமோ 135 பாகை. மூலைக்கு நடுவின் நாற்பதில் ஒரு பங்குகூடக் கிட்டாது. ஆகவே லென்ஸின் முன்னே நட்சத்திர வடிவத் தகடொன்றை நிறுத்தி, ரப்பர்க் குமிழை அமுக்கி வரும் காற்றால் அதைக் காற்றாடியாகச் சுழலவிட்டார்கள். அதன் இதழ்கள் நடுவை மறைத்திருக்கும் வேளையில் மூலைகள் ஒளியை நிதானமாகப் பருகின. பெரும்பகுதி நேரம் கழிந்தபின் நட்சத்திரம் விலக, எஞ்சிய சொற்ப நேரத்தில் நடுவும் தன் பங்கைப் பெற்றது.

பின்னாளில் அந்நட்சத்திரத்தின் ஸ்தானத்துக்கு சென்டர் பில்டர் வந்தது: நடுவில் சாம்பல் நிறம், விளிம்பில் தெளிவு. ஒன்றரை, இரண்டு ஸ்டாப் கூடுதலாக ஒளி கொடுத்து, துவாரத்தை 16-க்கோ 22-க்கோ சுருக்கினால்தான் அது பயன்படும். இப்படியொன்றைக் கறை படிந்த கண்ணாடியென்று கருதி ஒரு ஸ்டுடியோவில் பழைய இரும்போடு எடைக்குப் போட்டதைக் கண்டு வயிறெரிந்திருக்கிறேன். கருவியின் காரணத்தை விசாரிக்கும் சிரத்தை நம்மிடம் குறைந்துவிட்டது.

பில்டர் அகப்படாவிட்டால், அச்சிடும்போது மூலைகளைக் கையால் மறைத்து மறைத்து எடுக்கலாம். ஸ்லைடு பிலிமில் அதற்கும் வழியில்லை. பொறுமை மிக்கவருக்கு இன்னொரு மார்க்கமுண்டு. 1858-இல் லின்னேயஸ் டிரைப் என்ற புகைப்படக்காரர் இதே விமானத்தின் அடிப்பீடக் கல்வெட்டுகளை ஒரே பார்வையில் அடக்க முனையாமல், நகர்ந்து நகர்ந்து எடுத்த 21 படங்களை ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளமாக்கினார்.

அன்பர் லென்ஸை மாற்ற வேண்டாம். ஊர் ஸ்டுடியோ அலமாரியில் நடுவே கறுத்த வட்டக் கண்ணாடி ஏதேனும் கிடந்தால், தயவுசெய்து அதைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.