வங்கி முடங்கினால் சேமிப்பு என்னவாகும்? ரூ.5 லட்சம் காப்பீடு குறித்த விளக்கம்

புதுதில்லி: நிதி நெருக்கடியில் சிக்கிய வங்கி மீது ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்தால், அங்கு பணம் வைத்துள்ளவர்களுக்குச் சட்டம் உறுதியளிப்பது ரூ.5 லட்சம் வரையிலான காப்பீட்டை மட்டுமே. இந்த வரம்பு ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனியானதன்று. ஒரு வங்கியில் ஒருவருக்கு உள்ள மொத்த வைப்புத்தொகைக்கானது.

பிஎம்சி வங்கி நெருக்கடி

மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட பஞ்சாப் மற்றும் மகாராஷ்டிர கூட்டுறவு வங்கி (பிஎம்சி) மீது 2019 செப்டம்பர் 23-ஆம் தேதி ரிசர்வ் வங்கி கட்டுப்பாடுகளை விதித்தது. ஆறு மாத காலத்துக்கு ஒரு கணக்கிலிருந்து ரூ.1,000 மட்டுமே எடுக்கலாம் என முதலில் அறிவிக்கப்பட்டது. படிப்படியாக உயர்த்தப்பட்ட இந்த வரம்பு, 2020 ஜூனில்தான் ரூ.1 லட்சத்தை எட்டியது.

வங்கி கலைக்கப்பட்டாலோ, வேறு வங்கியுடன் இணைக்கப்பட்டாலோ மட்டுமே காப்பீட்டுத் தொகை வழங்கப்படும் என்பது அன்றைய சட்டம். பிஎம்சி வங்கி நீண்டகாலம் கட்டுப்பாட்டிலேயே நீடித்ததால், காப்பீடு இருந்தும் வைப்புதாரர்களுக்கு அது எட்டவில்லை.

90 நாள்களில் பணம்

1993 முதல் ரூ.1 லட்சமாக இருந்த காப்பீட்டு வரம்பு, 2020 பிப்ரவரி 4-ஆம் தேதி ரூ.5 லட்சமாக உயர்த்தப்பட்டது. தொடர்ந்து 2021-இல் சட்டம் திருத்தப்பட்டது. அதன்படி, பணம் எடுக்கக் கட்டுப்பாடு விதிக்கப்பட்ட 45 நாள்களுக்குள் வைப்புதாரர்களின் விவரங்களை வங்கி அளிக்க வேண்டும். வைப்புத்தொகை காப்பீடு மற்றும் கடன் உத்தரவாதக் கழகம் அவற்றை 30 நாள்களில் சரிபார்த்து, அடுத்த 15 நாள்களில் பணம் வழங்க வேண்டும். வங்கியை மீட்கவோ இணைக்கவோ முயற்சி நடந்தால், இக்காலக்கெடுவை மேலும் 90 நாள்கள் நீட்டிக்க இடமுண்டு.

கணக்கிடுவது எப்படி?

சேமிப்பு, நடப்பு, தொடர் மற்றும் நிரந்தர வைப்புகள் அனைத்தும், அவை வெவ்வேறு கிளைகளில் இருந்தாலும், ஒன்றாகக் கூட்டப்படும். வட்டியும் அதில் அடங்கும். ஒருவரின் அசல் ரூ.4.80 லட்சம், வட்டி ரூ.35 ஆயிரம் எனில் மொத்தம் ரூ.5.15 லட்சம். அதில் ரூ.5 லட்சத்துக்கே காப்பீடு உண்டு. எஞ்சிய ரூ.15 ஆயிரம், வங்கியின் சொத்துகளிலிருந்து மீட்கப்படும் தொகையையோ இணைப்புத் திட்டத்தையோ பொருத்தது.

அதேவேளையில், கூட்டுக் கணக்கும் தனிநபர் கணக்கும் தனித்தனியாகக் கருதப்படும். வேறொரு வங்கியில் உள்ள பணத்துக்கும் தனியாக ரூ.5 லட்சம் வரை காப்பீடு உண்டு.

வரம்புக்கு மேல் இருந்தால்?

பிஎம்சி வங்கி 2022 ஜனவரி 25-ஆம் தேதி யூனிட்டி சிறு நிதி வங்கியுடன் இணைக்கப்பட்டது. ரூ.5 லட்சத்துக்கு மேல் வைத்திருந்த தனிநபர்களுக்கு எஞ்சிய தொகை தவணைகளாக வழங்கப்படும் என்றும், பெருந்தொகை வைத்திருந்தோருக்கு இறுதிப் பகுதி 10 ஆண்டுகளுக்குப் பின்னரே கிடைக்கும் என்றும் அத்திட்டம் நிர்ணயித்தது. ஓய்வூதியப் பலன் முழுவதையும் ஒரே வங்கியில் வைப்போர் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

வைப்புதாரர்கள் அறிய வேண்டியவை

காப்பீட்டுக்கான கட்டணத்தை வங்கியே செலுத்துகிறது. அதை வாடிக்கையாளரிடம் வசூலிக்கக் கூடாது. வணிக வங்கிகள், சிறு நிதி வங்கிகள், கூட்டுறவு வங்கிகள் ஆகியவை இக்காப்பீட்டின்கீழ் வருகின்றன. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களில் உள்ள வைப்புகளுக்கும், பரஸ்பர நிதி முதலீடுகளுக்கும் இக்காப்பீடு இல்லை. எனவே, பணம் செலுத்தும் முன் அந்த நிறுவனம் காப்பீடு பெற்ற வங்கிதானா என்பதைக் கிளையில் கேட்டு உறுதிசெய்து கொள்வது அவசியம்.