அந்தமான் கடலில் மறைந்த விமானி

நாம் வாழும் டார்ம்ஸ்டாட் நகரம் வானூர்தி வரலாற்றில் தனியிடம் பெற்றது. நகரை அடுத்த கிறீஸ்ஹைம் திடலில் பறந்த ஔகுஸ்ட் ஒய்லர் என்பவரே 1910ஆம் ஆண்டில் ஜேர்மனியின் முதலாவது விமானி உரிமத்தைப் பெற்றார். அந்த முன்னோடிக் காலத்தில் வானில் எழுந்தோர் அனைவரும் திரும்பி வரவில்லை. சிலர் எங்கே வீழ்ந்தனர் என்பதே இன்றுவரை தெரியவில்லை. அவர்களுள் ஒருவர், இந்திய மண்ணிலிருந்து தம் இறுதிப் பயணத்தைத் தொடர்ந்த அவுஸ்திரேலிய விமானி சார்ள்ஸ் கிங்ஸ்போர்ட் சிமித் ஆவார்.

1928ஆம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்து ஹவாய், பீஜித் தீவுகளின் வழியாக அவுஸ்திரேலியா வரை பசிபிக் பெருங்கடலை முதன்முதலாக வான்வழியே கடந்தவர் இவரும் இவருடைய தோழர் மூவருமே. இன்று சிட்னி விமான நிலையம் இவருடைய பெயரைத் தாங்கி நிற்கின்றது.

1935 நவம்பர் 6ஆம் நாள், இங்கிலாந்திலிருந்து அவுஸ்திரேலியாவுக்கு விரைந்து பறந்து சாதனை படைக்கும் நோக்குடன் இவரும் துணை விமானி பெதிபிரிட்ஜ் என்பவரும் புறப்பட்டனர். மறுநாள் அலகாபாத் நகரை விட்டுச் சிங்கப்பூரை நோக்கி எழுந்தனர். நவம்பர் 8ஆம் நாள் சிங்கப்பூரில் காத்திருந்தோர் அவ்வூர்தியைக் காணவில்லை. அப்பொழுது சிமித்துக்கு வயது 38.

நடந்தது என்ன? நம் முன்னோர் அறிவை அளந்தறியும் வழிகளை 'அளவை' என்றனர். காண்டல், கருதல், உரை என்பன அவற்றுள் முதன்மையானவை. மணிமேகலையும் அளவைகளை விரித்துரைக்கின்றது. அம்மூன்றையும் கொண்டு இம்மறைவை ஆராய்வோம்.

முதலில் உரை. அதே இரவில் அவ்வழியே பறந்த மெல்றோஸ் என்னும் இளம் விமானி, கடலின் மேல் புயலுக்குள் சிமித்தின் ஊர்தியைக் கண்டதாகக் கூறினார். அவர் நேர்மையானவர், தம் பயணத்தை இடைநிறுத்தித் தேடுதலிலும் இணைந்தார். எனினும் இருளில், புயலில் ஒருவர் கண்ட காட்சியை முடிந்த முடிபாகக் கொள்ள இயலாது.

அடுத்தது காண்டல். 18 மாதங்கள் கழிந்து, 1937 மே மாதத்தில், பர்மாவின் தென்கரைக்கு அப்பால் உள்ள ஆயே தீவின் அருகே ஒரு சில்லும் அதைத் தாங்கும் காலும் கண்டெடுக்கப்பட்டன. ரயரினுள் காற்று அப்படியே இருந்தது. ஊர்தியை உருவாக்கிய லொக்கீட் நிறுவனம் அது சிமித்தின் ஊர்தியினுடையதே என உறுதிப்படுத்தியது. ஐயத்துக்கு இடமற்ற சான்று இஃதொன்றே.

இனிக் கருதல். புயலில் சிக்கிக் கடலில் வீழ்ந்தனர் என்பர் சிலர். இருளில் தாழப் பறந்து ஆயே தீவின் குன்றில் மோதினர் என்பர் வேறு சிலர். களைப்பும் நோயும் விமானியைத் தளர்த்தின என்பாரும், இயந்திரம் பழுதுற்றது என்பாரும் உளர். சில்லில் படர்ந்திருந்த கடற்பாசியை ஆராய்ந்த தாவரவியலாளர், ஊர்தி தீவுக்கு அண்மையில் ஏறக்குறைய 27 மீற்றர் ஆழத்தில் கிடக்கலாம் எனக் கணித்தனர். ஆனால் காற்றடைத்த சில்லு மிதக்கும். மிதப்பது நெடுந்தூரம் செல்லும். 2014இல் மறைந்த மலேசிய விமானம் எம்.எச். 370 இறுதியாக ராடாரில் தென்பட்டதும் இதே அந்தமான் கடலின் மேலேதான். அதன் இறக்கைத் துண்டோ 2015இல் ஆபிரிக்காவுக்கு அண்மையிலுள்ள றியூனியன் தீவில் கரையொதுங்கியது. ஆகவே, கண்டெடுத்த இடமே வீழ்ந்த இடம் எனத் துணிதல் ஆகாது. சிமித்தின் ஊர்தியைக் கண்டுவிட்டதாக 2009இல் ஒரு குழுவினர் அறிவித்தனர், அதுவும் உறுதிப்படவில்லை.

இன்று டார்ம்ஸ்டாட்டிலுள்ள யூமெற்சற் நிலையத்தின் செய்மதிகள் இந்து சமுத்திரத்தின் முகில்களையும் படம்பிடிக்கின்றன. சிமித்தின் காலத்து விமானிக்கோ முன்னே நிற்கும் புயல் அதனுள் நுழையும் வரை தெரியாது.

சிமித்தின் மனைவியும் மூன்று வயதும் நிரம்பாத மகனும் செய்திக்காகக் காத்திருந்தனர். 'காணாமற் போனோர்' என்னும் சொல்லின் பாரத்தை எம் பெற்றோர் பலர் நன்கறிவர். காத்திருப்போருக்கு அழகான கதை ஆறுதலாகாது, உண்மையே ஆறுதல். சான்றின்றிக் கூறப்படும் ஒவ்வொரு முடிவும் அவர்களுடைய புண்ணை மீண்டும் கீறுவதாகும்.

மாணவச் செல்வங்களே! ஒரு செய்தி உங்கள் செவிக்கு எட்டும்பொழுது, இது காண்டலா, கருதலா, பிறர் உரையா எனக் கேட்டுப் பாருங்கள். சான்று போதாதவிடத்துத் 'தெரியவில்லை' என்று கூறத் தயங்காதீர்கள். அவ்வாறு கூறுவது அறியாமை அன்று. தேடலைத் தொடர்வதற்கான முதற்படி அதுவே.