கைத்தொழில் வாங்கித் தந்த நிலம்

ஓவியம் பயின்ற பிள்ளை சென்னையில்தான் பிழைக்க முடியும் என்பது விழுப்புரம், திண்டிவனம் பெற்றோர் பலரின் எண்ணம். அச்சம் நியாயமானதே, ஓவியம் மாதந்தோறும் விற்பதில்லை.

1966இல் சென்னை ஓவியக் கல்லூரி முதல்வர் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் கலைஞர்கள் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவினர். இன்று மாநகராட்சிக்குள் அடங்கிவிட்ட அவ்விடம், அன்று நகருக்கு வெளியே கடலோர மணற்பரப்பு! செல்வந்தர் தயவுக்காக அவர்கள் காத்திருக்கவில்லை. சங்கமாகக் கூடி, பாத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்றே நிலம் வாங்கினர். கைத்தொழில் உலையைப் பார்த்துக்கொண்டது. தூரிகை தன் வழியே சென்றது. கைத்தொழிலை இழிவென்று கருதும் பட்டதாரிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

திண்டிவனத்திலிருந்து சென்னைக்கும் புதுச்சேரிக்கும் நேர்ச்சாலை உண்டு. நால்வர் கூடி ஒரு கொட்டகையை வாடகைக்கு எடுத்தால், செய்த பொருள் மாலைக்குள் இரு சந்தைகளையும் எட்டிவிடும்.