தாய்ப்பாற் சுரப்பு

ஓரில்லத்தார்க்கு வாய்க்கும் பேறுகளுள் மக்கட்பேறு தலையாயது என்பதை மறுப்பார் ஒருவருமிலர். ஆயினும், குழவி பிறந்த சின்னாட்களிலேயே "பால் போதவில்லை" என்னும் ஒரு சொல் எழுந்து அம்மகிழ்ச்சியைக் குலைத்துவிடுவதை நாம் பல இல்லங்களிலும் காண்கின்றோம். பாட்டியார் பூண்டு உரிக்கின்றார். தந்தை கடைக்கு ஓடி மாவுப்பால் டின் வாங்கி வருகின்றார். தாயோ குற்றஞ் செய்தவள் போலத் தலை கவிழ்கின்றாள். இச்சொல் பெரும்பாலும் உண்மையன்று என்பதையும், உண்மையாயின் செய்யற்பாலது யாது என்பதையும் ஈண்டு விளக்க முயல்வோம். கல்லூரி மலரில் இப்பொருளுக்கு இடமுண்டோ என வினவுவார் உளராயின், இதனைப் படிக்கும் மாணவரும் மாணவியருமே நாளைத் தந்தையரும் தாயரும் தொழிற்சாலை மேலாளரும் ஆவர் என்பதே நம் விடை.

பால் சுரக்கும் முறை இது: குழவி மார்பைச் சப்புங்கால் அவ்வுணர்ச்சி நரம்பு வழியே தாயின் மூளையை எட்டுகின்றது. உடனே மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி என்னும் சுரப்பி இருவகைச் சாறுகளை இரத்தத்திற் கலக்கின்றது. அவற்றுள் புரொலாக்டின் பாலை உண்டாக்கும். ஆக்ஸிடோசின் உண்டான பாலை வெளிச்செலுத்தும். வலி, அச்சம், கவலை என்பன பின்னதைச் சிறிது நேரம் தடுக்கும். ஆகவே, பால் இல்லையென்று தாயைக் கடிந்துரைப்பதே பால் இறங்காமைக்கு ஒரு காரணமாகிவிடுகின்றது. புரொலாக்டின் இரவில் மிகுந்து சுரத்தலின், இரவில் ஊட்டுதலைக் கைவிடலாகாது.

இன்னுமொரு நியதி உண்டு. மார்பில் பால் தேங்கி நின்றால் சுரப்புத் தானே தளர்கின்றது. பால் நீங்கினால் சுரப்பு விரைகின்றது. இறைக்கும் கிணறே ஊறும் என்னும் நாட்டார் மொழி இதற்கு முற்றும் பொருந்தும். புட்டிப்பால் கொடுத்த வேளையில் குழவி தாயிடம் குடியாது; குடியாமையாற் சுரப்புக் குறையும்; அக்குறை கண்டு இரண்டாம் புட்டி வரும். பொய்யாய்த் தொடங்கிய சொல் இவ்வாறே மெய்யாகி முடிகின்றது.

பால் போதுமா என்பதைக் குழவியின் அழுகையைக்கொண்டு அளத்தல் தவறு. முதலிரு நாட்களில் வரும் சீம்பால் சிறிதளவே. பிறந்த குழவியின் இரைப்பையும் மிகச் சிறிதே. பால் பெருகுவது பெரும்பாலும் 3-ஆம் நாள் முதல் 5-ஆம் நாளுக்குள் நிகழும். அதன்பின் நாளொன்றுக்கு 6 துணிகளேனும் சிறுநீரால் நனைந்தால், பிறந்தபோதிருந்த எடையை இரு வாரங்களில் குழவி மீண்டும் எய்தினால், பால் போதுகின்றது என்று துணியலாம். சில வாரங்களுக்குப் பின் மார்பின் இறுக்கம் தளர்வது இயல்பேயன்றிப் பால் வற்றியதன் அறிகுறியன்று.

சுரப்பைப் பெருக்கும் வழிகள் எளியன. பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் ஊட்டத் தொடங்குக. முதல் வாரங்களில் நாளொன்றுக்கு 8 முதல் 12 முறை ஊட்டுக. காம்பு மட்டுமன்றி அதனைச் சூழ்ந்த கருவட்டத்தின் பெரும்பகுதியும் குழவியின் வாய்க்குள் அமைதல் வேண்டும். ஊட்டியபின் எஞ்சிய பாலைக் கையாற் பீய்ச்சி எடுத்தல் சுரப்பை மேலும் தூண்டும். சேனை தொட்டு வைத்தல், சர்க்கரைத் தண்ணீர் புகட்டல் ஆகிய வழக்கங்களை விடுக. 6 மாதம் வரை குழவிக்குத் தண்ணீரும் வேண்டுவதில்லை. பிள்ளை பெற்றவள் தண்ணீர் குடிக்கலாகாது எனத் தடுப்பதும் தவறே. பூண்டு, முருங்கைக்கீரை, சுறாப்புட்டு என்பன தாய்க்கு நல்லுணவாம். நாடோறும் ஏறத்தாழ 600 கலோரி மிகுதியாக அவளுக்கு வேண்டியிருத்தலின் அவற்றை மகிழ்வுடன் அளிக்கலாம். ஆயினும் பால் நீங்காத மார்பில் எவ்வுணவும் சுரப்பைப் பெருக்காது. தைராய்டுக் குறை, பேற்றின்போது மிக்க இரத்தப்போக்கு, நஞ்சுக்கொடியின் பகுதி உள்ளே தங்கல் முதலியவற்றால் உண்மையாகவே பால் குன்றுவதும் உண்டு. குழவியின் எடை ஏறாவிடில் தாமதமின்றி மருத்துவரை நாடுக.

இனி, இந்நியதி மிகக் கடுமையாய்த் தாக்குவது வேலைக்குச் செல்லும் தாயையே. ஆவடியை அடுத்த சேக்காட்டில் வாழும் ஒரு தாயை எண்ணிப் பார்ப்போம். அவள் இந்து காலேஜ் நிலையத்தில் ரயிலேறிப் பட்டரவாக்கத்தில் இறங்கி, 1964-இல் தோன்றிய அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் தையல் வேலை செய்கின்றாள் என்று கொள்வோம். போக்குவரவும் வேலையும் சேர்ந்து 10 மணி நேரமாயின், அவ்வளவு நேரமும் பால் தேங்கி நிற்கும். சின்னாட்களிற் சுரப்புக் குன்றும். புறப்படுமுன் ஒருமுறையும் திரும்பியவுடன் ஒருமுறையும் ஊட்டி, வேலையிடத்தில் 3 மணி நேரத்துக்கு ஒருமுறை பீய்ச்சி எடுத்தால் இக்கேடு நேராது. எடுத்த பால் 25 பாகை வெப்பத்தில் 4 மணி நேரமும், குளிர்ப்பெட்டியில் 4 நாளும் கெடாது. நம் ஊர்க் கோடையில் அதனை வெளியே வைத்தல் கூடாது. வீட்டிலுள்ளோர் அதனைப் பாலாடையாற் புகட்டலாம்.

இதற்குச் சட்டமும் துணை நிற்கின்றது. 1961-ஆம் ஆண்டின் மகப்பேற்று நலச் சட்டம் 2017-இல் திருத்தப்பெற்று, முதலிரு குழந்தைகட்கும் 26 வாரச் சம்பள விடுப்பை அளித்தது. குழவிக்கு 15 மாதம் நிரம்பும்வரை பாலூட்டற்கு நாடோறும் இரு இடைவேளைகளும், 50 பேருக்குக் குறையாத தொழிலகங்களிற் குழந்தைக் காப்பகமும் அதிற் கூறப்பட்டன. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும் இவ்வுரிமைகளை ஏற்றுள்ளது. ஆயினும் நெரிசல் மிக்க ரயிலிற் கைக்குழவியை நாடோறும் காப்பகத்திற்குக் கொணர்வது எத்தாய்க்கு எளிது? கதவடைத்த தூய சிற்றறையொன்றும் குளிர்ப்பெட்டியொன்றும் இருப்பின், அவ்விடைவேளை அவளுக்கு மெய்யாகவே பயன்படும்.

1939-இல் சிங்கப்பூரில் ஸிஸிலி வில்லியம்ஸ் என்னும் மருத்துவ அம்மையார், டின் பாலைத் தாய்ப்பாலுக்கு ஈடெனப் பரப்புதல் கொலைக்கு ஒப்பாகும் என்று வெளிப்படையாக உரைத்தார். 1981-இல் உலக நாடுகள் அவ்விற்பனைக்கு நெறி வகுத்தன. 1992-இல் இந்தியா சட்டமே இயற்றியது. விளம்பரத்தைச் சட்டம் தடுக்கும். "போதவில்லை" என்னும் சொல்லை இல்லத்தாரே தடுத்தல் வேண்டும். நம் கல்லூரியினின்று வெளிச்செல்வோர், கணவராயின் இரவில் எழுந்து உதவுவாராக. மேலாளராயின் அச்சிற்றறையை அமைப்பாராக. தாயின் மார்பில் ஊற்று உளது. அது தூர்ந்துபோகாமற் காப்பது நம் கடனாம்.