உலைக்குப் போகும் தர்பார் வெள்ளி

மேட்டுப்பாளையத்தில் பழைய வீடுகளின் பீரோவில், பட்டாவுக்கும் பத்திரத்துக்கும் அடியில் சில சமயம் வெள்ளிப் பதக்கம் ஒன்று கிடக்கும். முன்பக்கம் முடிசூடிய ராஜாவும் ராணியும், சுற்றிலும் ரோஜா மாலை. பின்பக்கம் முழுக்க வலமிருந்து இடமாக ஓடும் எழுத்து. "திப்பு சுல்தான் எங்க பாட்டனுக்குக் கொடுத்ததுங்க" என்று வீட்டுக்காரர் அடித்துச் சொல்வார். 1799 வரை மைசூரின் கையில் இருந்த சீமை இது, கேட்பவரும் நம்பிவிடுவார்.

திப்புவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அந்த எழுத்து பாரசீகம். ஐந்தாம் ஜார்ஜ் 1911 டிசம்பர் 12 அன்று டெல்லியில் நடத்திய தர்பாரின் நினைவாக அடித்த பதக்கம் அது. தங்கத்தில் 200 மட்டும், சமஸ்தான மன்னர்களுக்கும் உயரதிகாரிகளுக்கும். வெள்ளியில் சுமார் 30,000. டெல்லிப் பக்கமே போகாத உள்ளூர் அதிகாரிகள், சிப்பாய்கள், போலீஸ்காரர்களுக்கும் அது கிடைத்தது. கொங்கு நாட்டு வீட்டுக்கு அது வந்து சேர்ந்த வழி அதுதான்.

அதே ஆண்டு ஜூன் 22-இல் லண்டனில் நடந்த முடிசூட்டுக்கும் இதே முகங்களோடு பதக்கம் உண்டு. அது அளவில் சிறியது; பின்பக்கம் கிரீடமும் தேதியும் இருக்கும். 1935 வெள்ளி விழா, 1937 முடிசூட்டுப் பதக்கங்களிலும் தேதி பொறித்திருப்பதால் குழப்பமில்லை.

என் கவலையெல்லாம் வேறு. முதல் உலகப்போர்ப் பதக்கத்தின் விளிம்பில் சிப்பாயின் பெயர், எண், படைப்பிரிவு எல்லாம் வெட்டியிருக்கும். தர்பார் பதக்கத்தை விளிம்பு வெறுமையாகவே கொடுத்தார்கள். யாருக்குக் கிடைத்தது, எந்த வேலைக்காக என்பதெல்லாம் கூடவே இருக்கும் காகிதத்திலும், அதை மாட்டிக்கொண்டு எடுத்த போட்டோவிலும், பெரியவர்கள் வாயிலும்தான் இருக்கிறது. வெள்ளி விலை ஏறியதும் அது அறுந்த கொலுசு, நெளிந்த குங்குமச் சிமிழோடு சேர்ந்து கடைக்குப் போகிறது. அங்கே முதலில் கத்தரிப்பது நாடாவைத்தான்: கருநீலம், நடுவே இரண்டு மெல்லிய அரக்குக் கோடு. பிறகு தராசு, சேதாரக் கழிவு, உலை. பேத்திக்குப் புதுக் கொலுசு வந்துவிடும். பாட்டன் என்ன உத்தியோகம் பார்த்தார் என்பதற்கு வீட்டில் இருந்த ஒரே தடயம் போய்விடும்.

வெள்ளைக்காரனுக்குச் சலாம் போட்டு வாங்கியதை ஏன் காக்க வேண்டும் என்போரும் உண்டு. சலாம் போட்டவர் யார் என்று தெரிந்துகொள்ளவாவது அது வேண்டும்.

விபூதி போட்டுத் தேய்க்காதீர்கள்; முகம் மழுங்கிவிடும். இரு பக்கமும் விளிம்பும் தெரியப் படமெடுத்து, வீட்டில் எண்பது தாண்டியவர் இருந்தால் இன்றைக்கே காட்டி, அவர் சொல்வதைப் பெயரோடு எழுதிவையுங்கள்.