மூலக்கூறு படம்: அதே கோணத்தை மறுபடி பிடிப்பது எப்படி?

புரதம், டிஎன்ஏ, மருந்து மூலக்கூறு என்று செய்திகளிலும் பாடப் புத்தகங்களிலும் சுருண்ட ரிப்பன் மாதிரி வண்ணப் படம் ஒன்று வருமே, பார்த்திருப்பீர்கள். அது போட்டோ கிடையாது. யாரோ ஒருவர் கணினியில் மூலக்கூறைத் திருப்பி, பெரிதாக்கி, வேண்டாததை மறைத்து, நிறம் கொடுத்து உருவாக்கிய காட்சி.

உயிர் தகவலியல், உயிர் வேதியியல் படிக்கும் மாணவர்கள் இதற்காக மணிக்கணக்கில் உட்காருகிறார்கள். கடைசியில் படத்தை மட்டும் சேமித்துவிட்டு மென்பொருளை மூடிவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து, “எழுத்தை மட்டும் கொஞ்சம் பெரிசாக்குங்க, மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும்” என்று கைடு சொல்லும்போதுதான் சிக்கல் தெரியும். மவுஸை எவ்வளவு உருட்டினாலும் அதே கோணம் திரும்ப வராது.

நேரம் போவது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய நஷ்டம், இரண்டு மூலக்கூறுகளை ஒப்பிடும்போது கோணம் மாறினால் இல்லாத வித்தியாசம் இருப்பதுபோலத் தெரிவது. இதைத் தவிர்க்க என்ன வழி?

கோப்பில் என்ன இருக்கிறது?

உலகம் முழுவதும் கண்டறியப்படும் புரத வடிவங்கள் ‘புரோட்டீன் டேட்டா பேங்க்’ என்ற பொதுத் தரவகத்தில் சேர்கின்றன. 1971-ல் வெறும் 7 வடிவங்களுடன் தொடங்கியது. இன்று 2 லட்சத்தைத் தாண்டிவிட்டது. யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

உதாரணத்துக்கு, நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை எடுத்துக்கொள்வோம். அதன் ஒரு வடிவத்தின் எண் 4எச்எச்பி. ஆல்ஃபா சங்கிலி இரண்டு, பீட்டா சங்கிலி இரண்டு, மொத்தம் 574 அமினோ அமிலங்கள். கோப்பில் இருப்பது ஒவ்வொரு அணுவின் பெயரும், அது இருக்கும் இடத்தைச் சொல்லும் மூன்று எண்களும்தான். எந்தப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும், எந்தச் சங்கிலிக்கு என்ன நிறம் என்பதெல்லாம் அதில் இருக்காது. அவற்றை நாம்தான் மென்பொருளில் முடிவு செய்கிறோம். நாம் சேமிக்காவிட்டால் அந்த முடிவுகள் எங்கேயும் இருக்காது.

ஒரு கோணம் என்பது 18 எண்கள்

இந்த வேலைக்குப் பரவலாகப் பயன்படும் மென்பொருள் பைமால். வாரன் டிலானோ என்பவர் உருவாக்கி 2000-ல் வெளியிட்டது. இதில் ‘கெட் வியூ’ என்று கட்டளை கொடுத்தால் திரையில் 18 எண்கள் வரும்.

முதல் 9 எண்கள், மூலக்கூறு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைச் சொல்லும். அடுத்த 3, கேமரா எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதை. அதற்கடுத்த 3, எந்தப் புள்ளியை மையமாக வைத்துச் சுழல்கிறது என்பதை. பிறகு வரும் 2 எண்கள், முன்னாலும் பின்னாலும் எங்கே வெட்டிக் காட்டுகிறது என்பதை. கடைசி எண், தூரத்தில் இருப்பது சிறிதாகத் தெரிய வேண்டுமா என்பது தொடர்பானது.

அவ்ளோதான். இந்த எண்களை ஒரு நோட்பேடில் ஒட்டி வைத்தால் போதும். பத்து வருஷம் கழித்து ‘செட் வியூ’ கட்டளையோடு கொடுத்தாலும் அதே கோணம் வந்து நிற்கும்.

ஆனால் ஒன்று. திரைச் சன்னலின் அகலமும் உயரமும் இந்த 18-ல் இல்லை. லேப்டாப்பில் ஒரு மாதிரியும், லேபில் உள்ள பெரிய திரையில் வேறு மாதிரியும் ஓரங்கள் வெட்டுப்படும். எனவே சன்னல் அளவையும் குறித்துவைக்க வேணும்.

வியூ, சீன், செஷன்: மூன்றும் ஒன்றா?

இல்லை. பலரும் குழம்புவது இங்கேதான்.

வியூ என்பது கேமரா மட்டும். நிறம் தெரியாது, எது மறைந்திருக்கிறது என்பதும் தெரியாது.

சீன் என்பது கேமராவோடு சேர்த்து, எந்தெந்தப் பொருள் திரையில் இருக்கிறது, ரிப்பனா குச்சியா, என்ன நிறம் என்பதையும் நினைவில் வைக்கும். முழு ஹீமோகுளோபின் ஒரு சீன், இரும்பு அணு இருக்கும் ஹீம் பகுதி இன்னொரு சீன் என்று வைத்துக்கொண்டால், பேஜ் டவுன் விசையைத் தட்டியே ஒவ்வொன்றாகக் காட்டலாம். ஆனால் அணுக்களின் இருப்பிடத்தைச் சீன் சேமிப்பதில்லை. பின்னணி நிறம், ஒளி ஊடுருவும் அளவு போன்ற பொது அமைப்புகளும் அதில் சேராது. முக்கியமாக, சீன்கள் தாமாக வட்டில் பதிவாகாது. செஷனைச் சேமிக்காமல் மூடினால் எல்லாம் போச்சு.

செஷன் என்பது மொத்த மேசையையும் அப்படியே கட்டி வைப்பது. அணுக்கள், சீன்கள், அமைப்புகள் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கும். வசதிதான், ஆனால் அதை மட்டுமே நம்பக் கூடாது. புதிய பதிப்பில் சேமித்த செஷன் பழைய பதிப்பில் திறக்காமல் போகலாம். வேறு மென்பொருளில் திறக்கும் என்ற உறுதியும் இல்லை.

ஒப்பிடும்போது என்ன ஆகிறது?

அரிவாள் செல் ரத்தசோகையைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். இந்த மரபணுக் கூறு நீலகிரிப் பழங்குடி மக்களிடம் இருப்பது 1952-லேயே மருத்துவ இதழில் பதிவானது. நோய்க்குக் காரணம், பீட்டா சங்கிலியின் 6-வது இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதிலாக வாலின் வந்து உட்காருவது. இந்த ஹீமோகுளோபினின் வடிவம் 2எச்பிஎஸ் என்ற எண்ணில் இருக்கிறது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும். 4எச்எச்பியில் பிடித்த 18 எண்களை 2எச்பிஎஸ்ஸுக்கும் கொடுத்தால் சரியாக வந்துவிடுமா? வராது. ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனி ஆயத்தொலைவு. ஒன்றில் 6-வது இடம் இருக்கும் புள்ளியில் இன்னொன்றில் வெற்றிடம்கூட இருக்கலாம். போதாததற்கு, 2எச்பிஎஸ் கோப்பில் இரண்டு ஹீமோகுளோபின்கள், அதாவது 8 சங்கிலிகள் இருக்கின்றன.

முதலில் அதில் ஒரு ஹீமோகுளோபினை எடுத்து 4எச்எச்பியின் மேல் பொருத்த வேண்டும். இதற்கு ‘அலைன்’ கட்டளை இருக்கிறது. அதன் பிறகு ஒரே வியூவை இரண்டுக்கும் கொடுத்தால், கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் மூலக்கூறின் வித்தியாசமாக இருக்கும். கண்ணால் தோராயமாகத் திருப்பி வைத்தால், அது கேமராவின் வித்தியாசமா மூலக்கூறின் வித்தியாசமா என்று பார்ப்பவருக்குத் தெரியாது.

பைமாலில் ‘கிரிட் மோடு’ என்று ஒரு வசதி உண்டு. திரையைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு மூலக்கூறைக் காட்டும். கேமரா ஒன்றுதான் என்பதால் ஒன்றைத் திருப்பினால் எல்லாமே சேர்ந்து திரும்பும். பொருத்திய பிறகு ஒப்பிட இது சுலபமான வழி.

படம் எதை மறைக்கிறது?

வெட்டும் தளத்தைப் பற்றிச் சொன்னோம் அல்லவா? அது பலாப்பழத்தைக் கத்தியால் அரிந்து உள்ளே காட்டுவது போன்றது. முன்னால் இருக்கும் அணுக்கள் திரையிலிருந்து காணாமல் போகும், கோப்பில் அப்படியே இருக்கும். மருந்து போய் ஒட்டும் குழி நன்றாகத் திறந்திருப்பதாகப் படத்தில் தெரியலாம். உண்மையில் வாசலிலேயே ஒரு சங்கிலி குறுக்கே நிற்கக்கூடும். வியூவைச் சேமித்துப் பகிர்ந்தால், பார்ப்பவர் தளத்தை நகர்த்திப் பார்த்துக் கேள்வி கேட்கலாம். வெறும் படத்தில் அதற்கு வழியில்லை.

இன்னொரு தவறு, ஸ்லைடு தயாரிக்கும்போது படம் இடது பக்கம் பார்க்க வேண்டும் என்று அதை அப்படியே கண்ணாடி பிம்பமாகப் புரட்டுவது. புரதத்தின் ஆல்ஃபா சுருள் வலஞ்சுழி. நம் உடலில் வழக்கமாகக் காணப்படும் டிஎன்ஏ இரட்டைச் சுருளும் அப்படியே. புரட்டினால் இரண்டும் இடஞ்சுழியாகிவிடும். திருப்ப வேண்டுமென்றால் மென்பொருளில் மூலக்கூறைத் திருப்பி, புதுப் படம் எடுப்பதுதான் முறை.

மற்ற மென்பொருள்களில்?

பெயர்தான் மாறும், கணக்கு ஒன்றுதான். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்தில் உருவான கைமேராஎக்ஸ், ஒரு வியூவுக்குப் பெயர் வைத்து வேண்டும்போது திரும்பி வர வைக்கிறது. கேமரா, மூலக்கூறுகளின் நிலை இரண்டையும் அது நினைவில் வைக்கும். நிறமும் தோற்றமும் அந்த வியூவில் சேராது, அதற்குச் செஷன் வேண்டும்.

இல்லினாய் பல்கலைக்கழகத்தின் விஎம்டி வேறு ரகம். அதில் சேமிக்கும் ‘ஸ்டேட்’ கோப்பில் அணுக்கள் இருக்காது. எந்தக் கோப்புறையிலிருந்து எந்தக் கோப்பை எடுக்க வேண்டும் என்ற குறிப்புதான் இருக்கும். அதை மட்டும் பென்டிரைவில் எடுத்துப்போனால் இன்னொரு கணினியில் ஒன்றும் திறக்காது. மூலக் கோப்புகளும் கூடவே போக வேண்டும்.

அப்போ என்னதான் செய்வது?

ஆய்வேடு, கட்டுரை எதுவாக இருந்தாலும், ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கோப்புறை வைத்துக்கொள்ளுங்கள். அதில் நான்கு பொருள் இருக்கட்டும்: இறக்கிய மூலக் கோப்பு, செஷன், இறுதிப் படம், கட்டளைகள் வரிசையாக எழுதிய ஒரு ஸ்கிரிப்ட். நான்காவதுதான் முக்கியம். கோப்பைத் திற, பொருத்து, நிறம் கொடு, 18 எண்களை வை, இந்த அளவில் படம் எடு என்று இருபது வரி போதும். சாதாரண எழுத்துக் கோப்பு என்பதால் எந்தக் கணினியிலும் படிக்கலாம். செஷன் திறக்க மறுத்தால் இதை ஓட்டி மறுபடி உருவாக்கிக்கொள்ளலாம். கட்டளைகள் வேறொரு மென்பொருளில் ஓடாவிட்டாலும், என்ன செய்தோம் என்பது படிப்பவருக்குப் புரியும். மென்பொருளின் பெயரையும் பதிப்பு எண்ணையும் முதல் வரியில் எழுதிவிடுங்கள்.

சீன்களுக்கு எஃப்1, எஃப்2 என்று விடாமல் ‘ஆறாவது இடம் - இயல்பு’, ‘ஆறாவது இடம் - அரிவாள் செல்’ என்று புரியும்படி பெயர் வையுங்கள். மென்பொருள் தமிழ் எழுத்தை ஏற்காவிட்டால் ஆங்கில எழுத்தில் எழுதலாம்.

இதையெல்லாம் செய்ய ஒரு படத்துக்குப் பத்து நிமிஷம் கூடுதலாகப் பிடிக்கும். “இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் இப்படித்தான் இருக்குமா?” என்று வைவாவில் தேர்வாளர் கேட்டால், அங்கேயே திறந்து, திருப்பிக் காட்டிவிட்டு, ஒரு விசையில் பழைய கோணத்துக்கு வந்துவிடலாம்.